மாமுவின் தோல் உறை

கன்னிவாடிக்குப் போகிற வழியில் கைவிட்ட கல்குவாரிக் குழி ஒன்றில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பார்க்கிற யாருக்கும் அதில் விழுந்துவிடக் கூடாது என்றுதான் தோன்றும். என் மாமு கிதர் முகம்மதுவுக்கு அதில் ஜெட் படகு விடலாம் என்று தோன்றியது.

மாமு என் அம்மாவின் அண்ணன். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப் வைத்திருந்தவர். அது படுத்த பிறகு குழியைக் குத்தகைக்கு எடுத்தார். நான்கு குடை நட்டார், ஒரு பிரியாணிக் கடை போட்டார், கோவாவில் யாரோ ஓட்டித் தேய்த்த, ஆறு பேர் உட்காரும் படகை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். வாசலில் ‘திண்டுக்கல்லின் கடல்’ என்று பெயர்ப் பலகை. இந்தக் கரையிலிருந்து கல்லெறிந்தால் எதிர்ப் பாறையில் பட்டுத் தெறிக்கும். அம்புட்டுக் கடல்.

கோயம்புத்தூரில் ராத்திரி ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு வந்த என்னை அம்மா அங்கே தள்ளிவிட்டாள். வெளிநாட்டுக்காரர்கள் போனில் சொல்லும் பழுதுக்கு எழுதி வைத்த பதிலைப் படிக்கும் வேலை அது. அங்கே நான் கற்றது ஒன்றுதான்: பொருளைக் கெடுத்தவன் முதலில் சொல்வது, “நான் ஒண்ணுமே செய்யலை, தானாப் போச்சு” என்பது. எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் இதில் வித்தியாசமில்லை.

படகை ஓட்டியவள் பவித்ரா. கன்னிவாடிக்காரி, முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டியவள், என்னைவிட மூத்தவள். அப்பாவுக்குப் பூந்தோட்டம், அதில் வருவது தண்ணீர் மோட்டாருக்கே போய்விடும். வீடு அவள் சம்பளத்தில் ஓடியது. மாமுவுக்கு இது தெரியும். தெரிந்ததால்தான் வாய்க்கு வந்தபடி பேசுவார்.

படகின் ஸ்டீயரிங் இறுகியது. காலையில் முதல் சவாரிக்குப் போனால் சக்கரம் நகராது. பவித்ரா எழுந்து நின்று, இரண்டு கையாலும் தொங்கித் திருப்ப வேண்டியிருந்தது. சுற்றிலும் பாறை. திருப்பம் ஒரு நொடி தாமதித்தால் மோதல்தான்.

மாமு பார்த்தவுடன் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். “பொம்பளக் கை. காலையில சோறு திங்காம வந்தா எங்கிட்டுப் பலம் வரும்?”

“மத்தியானம் ஒத்த விரல்ல திரும்புது பாய்,” என்றாள் பவித்ரா. “காலையிலதான் கல்லா இருக்கு.”

“அப்பச் சரியாத்தான் சொன்னேன். மத்தியானம் தின்னுட்டு ஓட்டுறே.”

இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கூடவே நானும் சிரிக்க வேண்டுமாம். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

தூத்துக்குடியிலிருந்து ஜெரின் என்ற மெக்கானிக் வந்தான். சக்கரத்திலிருந்து படகின் பின்பக்கம் வரை ஓடும் கேபிளை மாற்றிவிட்டுப் போனான். இரண்டு நாள் வெண்ணெயாக ஓடியது. பிறகு பழைய கதை. கேபிள் புதிதென்றால் குற்றம் ஓட்டுகிறவள் மேல்தான் என்று மாமு தீர்ப்பெழுதினார். ஞாயிற்றுக்கிழமை தோல் வியாபாரிகள் குடும்பத்தோடு வருகிறார்கள். அன்றைக்கு நாகல் நகர் ஜிம்மிலிருந்து முகேஷ்குமார் வந்து ஓட்டுவான், அவன் ஓட்டினால் அவனுக்கே வேலை, பவித்ரா வீட்டுக்குப் போகலாம் என்றார்.

முகேஷ்குமார் சனிக்கிழமையே வந்துவிட்டான். கை இரண்டும் உடம்பில் ஒட்டாமல் அகலமாகத் தொங்கும். அவன் ஓட்டியிருந்தது புல்லட் மட்டும். படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பிரேக் எங்க பாய்?” என்று கேட்டான்.

“அதெல்லாம் அந்தப் புள்ள சொல்லும்,” என்றார் மாமு.

தன் வேலையைப் பறிக்க வந்தவனுக்குப் பவித்ராவே பாடம் எடுத்தாள். “இதுக்குப் பின்னால காத்தாடியும் கிடையாது, சுக்கானும் கிடையாது. அடியில தண்ணிய உறிஞ்சி, பின்னால இருக்கிற மூக்கு வழியாப் பீச்சும். ஸ்டீயரிங் திருப்புனா மூக்கு திரும்பும். ஆக்சிலேட்டர விட்டுட்டா பீச்சுறது நின்னுரும். அப்ப நீ சக்கரத்த எம்புட்டுத் திருப்புனாலும் படகு போன போக்குலதான் போகும். பயந்துட்டு மட்டும் கைய விட்ராதே தம்பி.”

“எனக்கென்னக்கா பயம்?” என்று சொல்லிவிட்டு, அவன் சக்கரத்தைப் பிடித்தபடி செல்பி எடுத்தான்.

அவன் பிரியாணிக்குப் போனதும் நான் பின்பக்கம் போய்க் குனிந்தேன். பவித்ரா மேல் இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தப்பான காரணத்தை ஒருவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பது காதில் விழுந்துகொண்டே இருந்தால் எனக்குப் பொறுக்காது. அவ்வளவுதான்.

படகு கரைச் சரிவில் ஏறிக் கிடந்தது. சாயங்காலம் இழுத்துப் போட்டால் அடுத்த சவாரி வரை காற்றிலும் காலை வெயிலிலும் அப்படியே காய்ந்து கிடக்கும். கேபிளின் முனையில் ஒரு கம்பி. அது பின்பலகையின் துளை வழியாக வெளியே வந்து மூக்கைத் தள்ளி இழுக்கும். மூக்கிலிருந்து கம்பியைக் கழற்றினேன். மூக்கை ஒரு விரலால் ஆட்டினேன், ஆடியது. அதில் குற்றமில்லை.

“இப்பச் சக்கரத்தத் திருப்புங்கக்கா.”

“அசையலை.”

முன்பக்கம் போய்ச் சக்கரத்திலிருந்தும் கேபிளை விடுவித்தேன். சக்கரம் சும்மா சுற்றியது. அதிலும் குற்றமில்லை. மிச்சம் கேபிள். அதுவோ புதிது.

“கேபிள் மாத்துனப்ப வேற எதக் கழட்டுனாங்க?” என்று கேட்டேன்.

பவித்ரா யோசித்தாள். “அந்தத் தோலக் கழட்டுனாங்க. உங்க மாமு அதை எண்ணெயில ஊறப்போட்டு, மறுநாளு அவரே மாட்டுனாரு.”

துளையிலிருந்து கம்பி வெளியே வரும் இடத்தில், உள்ளே தண்ணீர் போகாமலிருக்க ஒரு ரப்பர் உறை இருந்திருக்கிறது. அது கிழிந்ததும் மாமு தன் கையாலேயே எருமைத் தோலில் ஓர் உறை தைத்து மாட்டியிருந்தார். ரப்பர் செத்த சாமான், தோலுக்கு உசுரு உண்டு என்பார். வருகிறவர்களையெல்லாம் குனிய வைத்து அந்தத் தையலைக் காட்டுவார். அவர் இடதுகைக்காரர். தையல் வலமிருந்து இடமாகச் சாய்ந்து ஓடும், முடிவில் மிளகு போல ஒரு முடிச்சு. திண்டுக்கல்லில் இப்படித் தைக்க இன்னொருவன் பிறக்கவில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

உறையைத் தட்டினேன். கதவைத் தட்டிய சத்தம் வந்தது. உள்ளே கம்பியை மரப்பட்டை மாதிரி கவ்விக்கொண்டிருந்தது.

“ஒரு வாளி தண்ணி ஊத்துங்கக்கா.”

ஊற்றினாள். செத்த நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு கம்பியைப் பிடித்து இழுத்தேன். முனகிக்கொண்டு வந்தது. இன்னொரு வாளி. வழுக்கிக்கொண்டு வந்தது.

பவித்ரா கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மத்தியானம் எனக்குப் பலம் வந்தது சோத்துனால இல்ல,” என்றாள்.

அது பாதி பதப்படுத்திய தோல். நனைந்தால் இளகும், வெயிலில் காய்ந்தால் சுருங்கிக் கட்டையாகும். தோல் ஷாப்பில் தரை கூட்டுகிறவருக்கும் இது தெரியும். மாமுவே எத்தனையோ பேர் சரக்கை இதற்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆனால் அது மற்றவர்கள் சரக்கு.

“வெட்டிரட்டுமா?” என்றேன்.

“வெட்டுனா உங்க மாமு என்னையத்தான் வெட்டுவாரு. சொல்லிப் பாரு.”

கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டிவிட்டுப் போய்ச் சொன்னேன். மாமு கல்லாவில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை குத்துவதை நிறுத்தவில்லை.

“ஏலே இஷாக்கு, நீ ராவெல்லாம் முழிச்சு எவனெவனுக்கோ போன்ல பதில் சொல்லி மூள காஞ்சு வந்தவன். தோலப் பத்தி எனக்குச் சொல்றியா?”

“ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாருங்க மாமு.”

“நாளைக்கு அம்புட்டுத் தோல் வியாபாரியும் வாராங்க. அவுங்க முன்னாடி என் படகுல ரப்பர் மாட்டச் சொல்றே. என் மரியாதைய ரப்பராக்கச் சொல்றே.”

பக்கத்தில் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த முகேஷ்குமார், “நான் திருப்பிருவேன் பாய்,” என்றான்.

“கேட்டியா? இது ஆம்பளப் பேச்சு.”

ஞாயிறு காலை பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். மாமுவோடு தொழில் செய்த முனீர் பாயும், அவர் பீவி குர்ஷித் பேகமும் குடைக்கடியில் உட்கார்ந்தார்கள். விருந்தாளிகளை ஏற்றுவதற்கு முன்னால் தானே ஒரு சுற்றுப் போய்க் காட்ட வேண்டும் என்று மாமுவுக்கு ஆசை. வெள்ளைச் சட்டை, அத்தர், கூலிங் கிளாஸ். பவித்ராவைக் கரையில் நிற்கச் சொன்னார்.

“ஒரு வாளி தண்ணியாவது ஊத்திட்டுப் போங்க பாய்,” என்றாள் அவள்.

“குழி நெறையத் தண்ணி கெடக்கு. நீ வேற ஊத்தப் போறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். படகு சீறிக்கொண்டு கிளம்பியது. நேராகப் போகிறவரை முகேஷ்குமார் நன்றாகத்தான் ஓட்டினான். எதிர்ப் பாறை நெருங்கியது. சக்கரத்தைத் திருப்பினான். தோள் புடைத்தது, கழுத்து புடைத்தது, சக்கரம் மட்டும் அசையவில்லை. எந்த ஜிம்மிலும் அதற்குப் பயிற்சி கிடையாது.

“விடாதே! ஆக்சிலேட்டர விடாதே!” என்று பவித்ரா கத்தினாள்.

அவன் விட்டான். புல்லட் ஓட்டுகிறவன் வேறென்ன செய்வான்? என்ஜின் அடங்கியது. படகு அதன் போக்கில் போய்ப் பாறையில் பக்கவாட்டாக உரசி, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மாமு முன் சீட்டிலிருந்து சரிந்து முகேஷ்குமாரின் மடியில் விழுந்தார். கூலிங் கிளாஸ் கடலில் போயிற்று. யாருக்கும் அடியில்லை.

நாங்கள் கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தோம். முனீர் பாய் எழுந்து வந்தார். படகைச் சுற்றி வந்து பின்பக்கம் குனிந்தவர், உறையை நகத்தால் சுரண்டினார்.

“இது பாதித் தோலுல்ல? வெயில்ல கெடந்தா இறுகாம கொஞ்சவா செய்யும்? எந்தக் கிறுக்கன் மாட்டுனது?”

மாமு சட்டையை உதறிக்கொண்டே, எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார். “அந்தப் புள்ளதான். ஏதோ தோலக் கொண்டாந்து மாட்டிருக்கு. அதுக்குத்தேன் இன்னையோட நிப்பாட்டிட்டேன்.”

நான் எத்தனையோ இரவுகள் போனில் பொய் கேட்டவன். இந்த அளவுக்குச் சுத்தமான பொய்யைக் கேட்டதில்லை.

பவித்ராவின் முகம் சிவந்தது. ஆனால் அழவில்லை. “பாய், நான் ஊசி பிடிச்சா பூக் கட்டுறது மாதிரித்தான் வரும். தையலப் பாருங்க. நான் தச்சதான்னு பெரியவங்களே சொல்லட்டும்.”

குர்ஷித் பேகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அவர் நிமிர்வதற்குள்ளேயே சிரிப்பு வந்துவிட்டது. “அட கிதரு! இது ஒன் இடதுகைத் தையல்ல? என் நிக்காஹுக்குச் செருப்பு தச்சுக் குடுத்தியே, அதுலயும் இதே மொளகு முடிச்சு. அதுவும் ரெண்டு நாள்ல கட்டையாகிக் காலக் கடிச்சுச்சு.”

முனீர் பாய் முதலில் சிரித்தார். பிறகு அத்தனை வியாபாரிகளும். அவர்கள் மனைவிமார். பிரியாணி மாஸ்டர். முகேஷ்குமார்கூடச் சிரித்தான், அவன் எதற்குச் சிரித்தான் என்று தெரியவில்லை.

“இவள நிப்பாட்டுனா, யார வச்சு எங்கள ஏத்திட்டுப் போவே?” என்று முனீர் பாய் கேட்டார். “இந்தப் பயலோட நான் வரமாட்டேம்ப்பா. எனக்கு இன்னும் வாழ ஹயாத்து இருக்கு.”

மாமு காலரைச் சரிசெய்துகொண்டார். “நிப்பாட்டுறதா? யாரு சொன்னா? அவதேன் ஓட்டுவா,” என்றார். வெட்கப்படத் தெரிந்தவர் என்றால் அந்தக் குழியிலேயே குதித்திருப்பார்.

பிரியாணி மாஸ்டரிடம் கத்தி வாங்கி உறையை அறுத்தேன். கத்தி இரண்டு தடவை வழுக்கியது. அதன் இடத்தில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டினேன். பார்க்க அசிங்கமாக இருந்தது. பவித்ரா ஏறி உட்கார்ந்து சக்கரத்தை ஒற்றை விரலால் இடமும் வலமும் திருப்பினாள். மாமு பார்க்க வேண்டும் என்பதற்காகவே நான்கைந்து தடவை திருப்பினாள். பிறகு பேகத்தையும் முனீர் பாயையும் ஏற்றிக்கொண்டு, பாறைக்கு ஒரு முழம் முன்னால் வளைந்து, தண்ணீரை மாமுவின் குடைவரை அடித்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை மாமு போனில் யாரிடமோ, பழுதைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏலே இஷாக்கு, அந்த ட்யூப்பு பாக்கச் சகிக்கலை. அதுக்கு மேல மெல்லிசா ஒரு ஆட்டுத் தோல் சுத்துனா என்ன?”

பவித்ரா அப்போதுதான் சாவியைத் திருப்பினாள். என்ஜின் இரைச்சலில் காதில் விழாதவன் போல நான் கயிற்றை அவிழ்க்கப் போனேன்.