வலி வரவழைத்த நாள்

வலி தானாக வரும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். ஊர் உலகத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் வருகிறதாம். எனக்கு மட்டும் அதை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியிருந்தது.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "தேதி தாண்டிடுச்சு. உள்ள தண்ணி குறைஞ்சுக்கிட்டே வருது. இன்னிக்கே மருந்து ஏத்தி வலி வரவெச்சுடலாம்."

"சாயங்காலமா ஏத்தலாமா டாக்டர்?"

"ஏன், காலையில உங்களுக்கு வேற ஏதாவது வேலை இருக்கா?"

வேலை ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். வந்து சேர நன்றாக இருட்டிவிடும். குழந்தை பிறக்கும்போது அவர் அந்தக் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும், நான் கேட்டது அவ்வளவுதான். சொன்னேன். "அப்பா வர்ற நேரம் பாத்து இதெல்லாம் தள்ளிப்போட முடியாதும்மா" என்று சொல்லி, மருந்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேறு யாருமே இல்லையா என்று கேட்பீர்கள். அம்மா இல்லை. அப்பா இருக்கிறார், இருந்தும் இல்லாத மாதிரி. மாமியார் எங்கள் கல்யாண நாளிலிருந்து என் முகத்தில் விழிப்பதில்லை. அக்கா ஒருத்தி வந்திருப்பாள், ஆனால் போன வாரம்தான் அவளுக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆகியிருந்தது. அவளே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம் போகிறாள். ஆக, மிஞ்சியது அவர்தான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள். நான் பைண்டிங்கில். அவர் ஆப்செட் மெஷின் ஓட்டுவார். எல்லாரும் மெஷின்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள், கல்யாணமான பிறகும் எனக்கு அதுதான் வாயில் வருகிறது. நல்ல மனிதர். குடி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. ஒரே ஒரு குறை, 'முடியாது' என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வராது. முதலாளி கேட்டாலும் "சரிங்க", நான் கேட்டாலும் "சரிம்மா". ஒரே நாளில் இரண்டு பேருக்கும் சரி சொல்லிவிட்டால் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு மாதம் முன்னால் முதலாளி வேறு ஊரில் இன்னொரு அச்சகம் திறந்து, புது மெஷினைப் பழக்க இவரை அனுப்பினார். பிரசவத்துக்கு வந்துவிடுவேன் என்று என் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மருந்து ஏற்ற வந்த சிஸ்டருக்கு என் அம்மா இருந்திருந்தால் என்ன வயதோ அந்த வயது. பாட்டிலைத் தொங்கவிட்டு, சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குப்பியை உடைத்து, ஊசியில் இழுத்து பாட்டிலுக்குள் செலுத்தினார்.

"இத்துனூண்டு மருந்தா?"

"இத்துனூண்டுதான். எல்லாருக்கும் உடம்புலயே ஊறுற சரக்கு. உனக்கு ஊற மாட்டேங்குது, அதனால கடையில வாங்கி ஊத்துறோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழாயில் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. அதை மேலே உருட்டினால் சொட்டு வேகமாக விழும், கீழே உருட்டினால் குறையும். சிஸ்டர் அதைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, என் வயிற்றில் உள்ளங்கையைப் பதித்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வயிறு எப்போது இறுகுகிறது, எவ்வளவு நேரம் இறுகியிருக்கிறது என்று கையாலேயே பார்ப்பார்களாம். சூடான கை. என்மேல் ஒருவர் கை வைத்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். பஸ்ஸில் இடித்தவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

"இன்னும் கொஞ்ச நேரம் வெச்சுக்குங்களேன் சிஸ்டர்."

"மூணாம் பெட்டுக்காரி திட்டுவா" என்று கையை எடுத்துக்கொண்டார்.

அந்த மூன்றாம் பெட்டுக்காரிக்கு என்ன குறை? அம்மா ஒரு பக்கம், மாமியார் ஒரு பக்கம். சித்தி ஒருத்தி பிளாஸ்க்கோடு வந்து எட்டிப் பார்ப்பதும், சிஸ்டர் விரட்டுவதுமாக இருந்தது. ஒருத்தி முதுகைத் தடவுகிறாள், ஒருத்தி கால் அமுக்குகிறாள். அவளோ, "எல்லாரும் போங்க, மூச்சு முட்டுது" என்று சிடுசிடுக்கிறாள். கொடுத்து வைத்தவள். விரட்டுவதற்கு ஆள் வேண்டுமே.

நான் அவருக்குப் போன் செய்தேன்.

"எங்க வந்துட்டீங்க?"

"கிளம்பிட்டேன்மா. வந்துக்கிட்டே இருக்கேன்."

மதியத்துக்கு மேல் வலி பிடித்தது. முதலில் இடுப்பில் யாரோ துணி பிழிகிற மாதிரி. பிறகு இடைவெளி குறைந்தது. சிஸ்டர் வந்து கை வைத்துப் பார்த்து, "நல்லா பிடிக்குது, இருட்டுறதுக்குள்ள ஆயிடும்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். இருட்டுவதற்குள் என்றால் அவர் பாதி வழியில் அல்லவா இருப்பார். குழந்தையை எடுத்துக்கொண்டு போய் யாரிடம் காட்டுவார்கள்?

சக்கரம் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கீழே உருட்டினேன். சொட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் வலியும் கோபித்துக்கொண்டு போகிற விருந்தாளியைப் போல மெல்லத் தள்ளிப் போயிற்று. உனக்கு ஒன்றும் ஆகாது, கொஞ்சம் பொறுத்துக்கோ என்று குழந்தையிடம் சொன்னேன். ஆகுமா ஆகாதா என்று எனக்கு என்ன தெரியும்? நான் படித்ததெல்லாம் தாள் மடிக்கத்தான்.

சிஸ்டர் திரும்பி வந்து வயிற்றில் கை வைத்தார். முகம் சுருங்கியது. "என்ன இது, அடங்கிப்போச்சு? மருந்தைக் கூட்டணும் போலிருக்கே" என்று சக்கரத்தைத் தொடப் போனவர் அப்படியே நின்றார்.

"யாரு மூடினது?"

"நான்தான்."

அவர் கத்தவில்லை. முதலில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார். அது சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"மூடினது தெரியாம மருந்தைக் கூட்டிக் கலந்திருப்பேன். நீ பாட்டுக்கு அப்புறம் திறந்துவிட்டிருப்ப. மொத்தமும் இறங்கி வயிறு இறுகினது இறுகினபடியே நின்னுருந்தா, உள்ள இருக்கிறது மூச்சுக்கு எங்க போகும்? ஏற்கெனவே தண்ணி பத்தல அதுக்கு."

"அவரு வந்துக்கிட்டு இருக்காரு சிஸ்டர். அவரு வர்ற வரைக்கும்தான்."

"எங்க வந்திருக்காரு?"

"பஸ்ல."

"போனைப் போட்டுக் கேளு. பக்கத்துல இருந்தா நானே டாக்டர்கிட்ட பேசுறேன்."

போட்டேன். உடனே எடுத்தார். "பெரிய பாலம் தாண்டிட்டோம்மா. இனிமே நிக்காம வந்துடும்" என்றார். குரலில் ஒரு பிசிறு இல்லை. ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் வேறொன்றும் கேட்டது. மெஷின் தாளை உறிஞ்சி எடுத்து, ஒரு தட்டுத் தட்டி, உருளைக்குள் அனுப்புகிற சத்தம். நிற்காமல், ஒரே தாளத்தில். வருடக்கணக்கில் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். உலகத்தில் எந்தப் பஸ்ஸும் அப்படி ஓடாது.

பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, பாடப் புத்தக வேலை கழுத்தை நெரிக்கும். முதலாளி இருந்து முடித்துவிட்டுப் போ என்றிருப்பார். இவரும் "சரிங்க" என்றிருப்பார். என்னிடமும் 'வரவில்லை' என்று சொல்ல வாய் வரவில்லை. எந்தப் பக்கம் சாய்வார் என்று பார்த்தாயிற்று.

ஏன் பொய் சொல்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் "சரிம்மா" என்றுதான் சொல்லியிருப்பார். "பாத்து வாங்க" என்று வைத்துவிட்டேன்.

"எங்க இருக்காராம்?" என்றார் சிஸ்டர்.

"வேலையில. நீங்க திறந்துவிடுங்க."

கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அழுகைதான் வந்தது. இவ்வளவு பெரிய ஊரில், இத்தனை ஜனத்தில், எனக்கென்று அந்தக் கதவுக்கு வெளியே ஒரு செருப்பு கூடக் கிடக்கவில்லையே என்று அழுதேன். சிஸ்டர் சக்கரத்தை மறுபடியும் கொஞ்சமாகத் திறந்தார். என் கண்ணைத் துடைக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றார். இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வலி போனதைவிட வேகமாகத் திரும்பி வந்தது. உச்சத்தில் இருக்கும்போது சிஸ்டருக்கு டியூட்டி முடிந்துவிட்டது. கைப்பையை மாட்டிக்கொண்டு வந்து, "நல்லபடியா ஆகும். பயப்படாத. என் பஸ் போயிடும்மா" என்றார். அவருக்கும் ஒரு வீடு இருக்கும். போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? தலையாட்டினேன்.

அடுத்து வந்தவள் சின்னப் பெண். என் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. ஆனால் கை சுறுசுறுப்பு. பிரசவ அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். "முக்குங்க, முக்குங்க" என்று நாலு பக்கமும் குரல். நான் யாரையும் கூப்பிடவில்லை. அம்மா என்றுகூடக் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினேன். ஒரு கட்டத்தில் பாரம் மொத்தமும் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு நொடி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வீறிட்டு ஓர் அழுகை. என் குணம் அப்படியே.

"பொண்ணு" என்றாள் அந்தச் சின்ன நர்ஸ். துடைத்து, பச்சைத் துணியில் சுற்றி, என் கண் முன்னால் ஒரு தடவை காட்டிவிட்டு, வழக்கம்போல வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"நாலாம் பெட்டுக்காரங்க யாரு? பொண்ணு பிறந்திருக்கு, வந்து பாருங்க."

வெளியே பேச்சு நின்றது. யாரும் எழுந்து வருகிற சத்தம் இல்லை. அவள் குரலை உயர்த்தி மறுபடியும் கேட்டாள்.

"இந்தக் குழந்தைக்கு யாரு வந்திருக்கீங்க?"

"எங்களுது இல்லைங்க" என்றது ஓர் ஆண் குரல். இன்னொருத்தி, "எங்களுக்கு இன்னும் ஆகல" என்றாள். குழந்தை வாசலில் அவள் கையில் கிடந்து வீறிட்டு அழுதது.

முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினேன். தையல் போடுகிறவர் அசையாதீங்க என்றார். அசைந்தேன்.

"வெளிய யாரைக் கேக்குறீங்க சிஸ்டர்?" என்றேன். நாளெல்லாம் கடித்து வைத்திருந்த குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. "உள்ள கொண்டாங்க. அவளுக்கு ஆள் இருக்கு."