குலசேகரத்தின் மூன்றாவது பைல் சிஸ்டம்

மனித நாகரிகம் முழுவதும் பதிவின் மீதே நிற்கிறது. பதிவு இல்லையேல் அரசு இல்லை, வணிகம் இல்லை, வரலாறும் இல்லை. வெம்பிளி மொத்த விற்பனைக் கடையொன்றின் பின்னறையில் நின்று குலசேகரம் இப்படி அருளிக்கொண்டிருந்தபோது, முன்னால் கல்லாவில் ஒரு பெட்டி உறைந்த அறக்குளா மீன் உருகி நிலத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது.

விற்கும் ஒவ்வொரு சாமானையும் டேட்டாபேஸ் முதலில் லொக் என்ற தன் குறிப்பேட்டில் எழுதும். எழுதியாயிற்று என்று டிஸ்க் சொல்லும்வரை கல்லா அசையாது. இரண்டு மாதமாக டிஸ்க்குக்கு அதைச் சொல்ல மனமே வரவில்லை.

குலசேகரம் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே என்ன வேலை என்று கேட்டால் ‘சிஸ்டம்ஸ்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். ‘தொழில்நுட்பப் பணிப்பாளர்’ என்று தானே கார்ட் அடித்து வைத்திருந்தார். அந்தப் பதவிக்கு அன்று மாலைவரைதான் ஆயுள். தீபாவளிக் கூட்டம் வருமுன் கல்லா ஓடாவிட்டால் வேலை நிர்மலனுக்கு என்று கடைக்காரி கலாவதி சொல்லிவிட்டாள். நிர்மலன் அவருடைய மனைவியின் தம்பி. அவனிடம் பதவியைக் கொடுப்பதைவிட, குரோய்டனுக்குப் போய்த் திரும்பவும் அகதியாகப் பதிந்துவிடலாம் என்று குலசேகரத்துக்குத் தோன்றியது.

டிஸ்க்கில் பதிவுகளை அடுக்கி வைக்கும் முறைதான் பைல் சிஸ்டம்; முதலில் ஈஎக்ஸ்டி4 என்ற பைல் சிஸ்டம்தான் குற்றவாளி என்றார். ஏழைகளின் பைல் சிஸ்டமாம் அது. எக்ஸ்எப்எஸ்ஸுக்கு மாற்றினார். கல்லா அசையவில்லை. பிறகு இசட்எப்எஸ்; அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கடையை அரைநாள் பூட்டவேண்டி வந்தது.

நிர்மலன் கோட்டு சூட்டோடு வந்தான், மூன்று பேர் கொண்ட தன் கம்பெனியின் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி. யாரிடமும் கேளாமல் லப்டொப்பைத் திறந்து, டிஸ்க்கின் ஓரத்தில் மூன்று பைல் சிஸ்டத்தையும் சிறிதாக அமைத்து, ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னதாக எழுதி நேரம் பார்த்தான். பார்த்துவிட்டு, அத்தானுக்கு இல்லாமல் வாசலில் நின்ற கலாவதிக்குக் கேட்கும்படி சிரித்தான்.

“மூண்டும் ஒரே நொண்டல்தான், அத்தான். நீங்கள் செருப்பை மாத்திக்கொண்டு நிக்கிறியள், பிழை காலில கிடக்கு. இது டிஸ்க்.”

“உனக்கு மோர்டனில வீடு வீடாய் றவுட்டர் பூட்டத்தான் தெரியும். அது விலையுயர்ந்த டிஸ்க், நான் என்ர கையால பூட்டினது.”

“அப்ப அலுமாரியைத் திறவுங்கோ, பாப்பம்.”

கணினி இருந்த இரும்பு அலுமாரிக்கு ஒரே சாவி. அது குலசேகரத்தின் இடுப்பில் இருந்தது. அதைத் தொட்டபோதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது, இரண்டு மாதத்துக்கு முன், ஒரே ஒரு கிழமைக்கென்று தான் செய்த சின்ன மாற்றம்.

“திறந்தால் வாறன்டி போயிடும்,” என்றார்.

“மீனுக்கும் வாறன்டி இல்லை, அண்ணை. தாங்கோ.”

கலாவதி சாவியை வாங்கித் திறந்தாள். உள்ளே பார்த்தாள். சாவியை நிர்மலனின் கையில் வைத்தாள்.

யூஎஸ்பி வயரில் ஒரு றோஸ் நிற டிஸ்க் தொங்கியது. பெண் பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீட்டில் வீடியோக்காரர் அல்பத்தோடு கொடுப்பது. அதன் மூடியில், தாமரைப் பூவுக்குள், குலசேகரத்தின் மகள் தாரகா சிரித்துக்கொண்டிருந்தாள். கடைக்கென்று வாங்கிய வேகமான டிஸ்க்கில், அவர் வீட்டில், அவள் குதிரை வண்டியில் வந்திறங்கும் வீடியோ இருந்தது. அதை இன்னும் ஒருவரும் முழுதாகப் பார்க்கவில்லை.