கயிற்றோரக் காவல்

பாலனுக்கு ஒழுங்கு என்றால் உயிர். மைசூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் பார்க்கிறவர். பட்டாளத்தில் சேரப் போய், உயரம் போதாமல் திரும்பி வந்தவர். மகள் ரூபா படிக்கும் பள்ளியில் இனி பட்டாளப் பயிற்சி கட்டாயம் என்று அறிவித்தபோது, பெற்றோர் கூட்டத்தில் முதலில் எழுந்து கைதட்டியது அவர்தான். தட்டியதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. எதிர்வீட்டு மகேஸ்வரியிடம் விடாமல் பேசி, அவள் மகள் சக்தியையும் அங்கேயே சேர்க்க வைத்தார். இரண்டு குடும்பமும் ராமாபுரத்திலிருந்து பிழைக்க வந்தவை. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் சேர்த்தாள்.

பலன் இல்லாமல் போகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஏழு மணிவரை போர்வைக்குள் சுருண்டு கிடந்த ரூபா ஐந்து மணிக்கே எழுந்தாள். அவள் ஷூவில் முகம் பார்க்கலாம். எதிர்த்துப் பேசுவது நின்றது. பிறகு பேசுவதே நின்றது. அதையும் பாலன் நல்லதென்றே எடுத்துக்கொண்டார்.

குடியரசு தினத்தன்று பள்ளி மைதானத்தில் அணிவகுப்பு. கூட்டத்தை அடக்கப் பெற்றோரிலிருந்து ஆள் கேட்டார்கள். பாலன் தன் காவல் சீருடையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றார். மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றை யாரும் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் வேலை. பயிற்சி ஆசிரியர் ‘சாவ்தான்’ என்று கத்தியதும் இருநூறு பிள்ளைகளும் விறைத்து நின்றார்கள். சிறப்பு விருந்தினர் பந்தல் நிழலில் நின்றுகொண்டு ஒழுக்கத்தின் மேன்மையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். ‘விஷ்ராம்’ சொல்லிக் காலை அகட்டி நிற்க விடுவதை எல்லோருமே மறந்துபோனார்கள்.

ரூபாவுக்கு அடுத்து நின்ற சக்தி லேசாக ஆடினாள். பிறகு முழங்கால்கூட மடங்காமல் அப்படியே முகம் குப்புற விழுந்தாள். ரூபாவின் கைகள் உடம்போடு ஒட்டியபடியே இருந்தன.

கூட்டத்தில் நின்ற மகேஸ்வரி ஓடிவந்து கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்தாள். பாலன் அவள் கையைப் பிடித்தார்.

“அண்ணா, எம்புள்ள விழுந்துருச்சுங்ணா.”

“தெரியுது மகேசு. விஷ்ராம் சொல்லட்டும். இப்ப நடுவுல போனா புள்ளைக்குத்தான் கெட்ட பேரு. ரெண்டே நிமிசம்.”

பேச்சு முடிந்து ‘விஷ்ராம்’ வருவதற்குள் அந்த இரண்டு நிமிடம் ஏழு நிமிடமாயிற்று. அவள் கெஞ்சினாள், கீறினாள், கடைசியில் திட்டினாள். பாலன் பிடியை விடவில்லை. விடாமல் நின்றதில் அப்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, வெட்கக்கேடு.

சக்திக்கு முன்பல் இரண்டு போயிற்று, தாடையில் ஐந்து தையல். ரூபாவுக்கு மெடல் கிடைத்தது. பக்கத்தில் ஆள் விழுந்தும் அசையாமல் நின்றதற்காக என்று மைக்கிலேயே சொன்னார்கள்.

சாயங்காலம் எதிர்வீட்டுக் கதவைப் பாலன் தட்டினார். மகேஸ்வரி திறக்கவில்லை. திரும்பி வந்தவருக்கு, மெடலோடு உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்ததும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஒரே தட்டுல சோறு தின்ன புள்ளயாச்சே கண்ணு. குனிஞ்சு தூக்கியிருக்கலாமில்ல?”

ரூபா எழுந்து நின்றாள். இப்போதெல்லாம் அப்பாவுக்கு நின்றுதான் பதில் சொல்வாள்.

“ஆர்டர் வரலப்பா.”

“என்ன பெரிய ஆர்டர்? மனுசத்தனம் வேண்டாமா?”

“எனக்கு நேர் எதிர்லதான் நீங்க இருந்தீங்க. உங்களையே பாத்துட்டிருந்தேன். நீங்க அத்தைய உள்ள விட்டா நானும் குனிஞ்சு தூக்கலாம்னு இருந்தேன். நீங்க விடவேயில்ல.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பாலன் தாங்கியிருப்பார். மணிக்கட்டில் மகேஸ்வரியின் நகம் கீறிய இடம் எரிந்தது. ரூபா கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, அவர் உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.