பன்னிரண்டாவது மேற்கோள்

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே பெரியவள் இணையத்தில் தங்கையின் ஆய்வுப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுவாள். தன் பக்கத்தை அதற்குப் பிறகுதான் பார்ப்பாள். தன் எண் ஏறியதா என்பதைவிடத் தங்கையின் எண் ஏறவில்லை என்பதுதான் அவளுக்கு முக்கியம். ஏறவில்லையென்றால் அன்றைக்குக் காபி ருசிக்கும்.

இருவருக்கும் ஒரே ஆய்வகம். ஒரே நீள மேசையின் இரு முனைகள். செடியின் வேர்நுனியைச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது வேலை. தங்கையை அங்கே சேர்த்துவிட்டவளே பெரியவள்தான். கண்ணாடித் தகட்டை விளிம்பில் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். கற்றுக்கொண்டவள் விறுவிறுவென்று கட்டுரைகளாக எழுதித் தள்ளி, அக்காவுக்குச் சமமாக வந்து நின்றுவிட்டாள். போன வருஷம் ஒரு கருத்தரங்கில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் பெரியவளிடம், "ஓ, நீங்க அவங்களோட அக்காவா?" என்று கேட்டார். அதுவரை எல்லோரும் சின்னவளைத்தான் "இவங்க தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்வி இன்னும் அவளுக்குள் முள்ளாகக் குத்தியது.

ஆய்வகத் தலைவர் ஓய்வு பெறப்போகிறார். அந்த நாற்காலி இருவரில் ஒருவருக்கு. இயக்குநர் கைகழுவிவிட்டார்.

"எனக்கெதுக்கும்மா வம்பு? மாசக் கடைசியில யாருக்கு எண் அதிகமோ அவங்களுக்கு. சமமா இருந்தா சீனியருக்கு."

அந்த எண்ணைப் பற்றி அம்மாவுக்குச் சாப்பாட்டு மேசையில் விளக்க வேண்டியிருந்தது.

"இப்ப ரெண்டு பேருக்கும் எவ்வளவுடி?" பள்ளிக்கூடக் காலத்துக் கேள்வி, அதே குரல்.

"ஆளுக்குப் பதினொண்ணும்மா," என்றாள் சின்னவள்.

அம்மா பட்டாணி உரிப்பதை நிறுத்தினாள். "நூத்துக்கா?"

சின்னவளுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "மார்க் இல்லம்மா. பிள்ளைங்க மாதிரி வச்சுக்கோ. நாங்க எழுதுற கட்டுரை ஒவ்வொண்ணும் ஒரு பிள்ளை. பன்னெண்டு வாங்கணும்னா பன்னெண்டு பிள்ளையாவது வேணும். அதுல ஒவ்வொண்ணையும் பன்னெண்டு பேராவது தங்களோட கட்டுரையில மேற்கோள் காட்டியிருக்கணும். ஒரு பிள்ளைக்கு ஒருத்தர் குறைஞ்சாலும் பதினொண்ணுதான்."

"நான் ரெண்டு பெத்ததுக்கே போதும்போதும்னு ஆயிடுச்சு," என்று அம்மா மறுபடி பட்டாணியில் இறங்கினாள். பெரியவள் சிரிக்கவில்லை. அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வேருக்கு வெந்நீரில் அல்லாமல் குளிர்ந்த நீரில் சாயம் ஏற்றும் முறை பற்றிச் சின்னவள் எழுதிய கட்டுரைதான் அவளுடைய பன்னிரண்டாவது பிள்ளை. அதற்குப் பதினோரு மேற்கோள்கள் வந்துவிட்டன. இன்னும் ஒன்றே ஒன்று போதும். பெரியவளின் பன்னிரண்டாவதுக்கோ இன்னும் நான்கு வேண்டும். மாசக் கடைசிக்குள் அது நடக்கிற காரியமில்லை. நடக்கவும் வேண்டியதில்லை. யாரும் சின்னவளுக்கு அந்த ஒன்றைக் கொடுக்காமல் இருந்தால், சமம். சமம் என்றால் சீனியர்.

அதைக் கொடுக்கப்போவது தானேதான் என்பது, தன் புதுக் கட்டுரை அச்சுக்கு முன் கடைசியாகச் சரிபார்க்க வந்த மதியம்தான் அவளுக்கு உறைத்தது. மேற்கோள் பட்டியலில் பதினான்காவது இடம். தங்கையின் பெயர்.

ஊரில் எத்தனையோ பேர் இருக்க, நானா உன்னைத் தூக்கிவிட வேண்டும்?

பதினான்கை அழித்தாள். பதினைந்து பதினான்கானது, பதினாறு பதினைந்தானது. கட்டுரைக்குள் இருந்த எண்களையும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். செய்முறைப் பகுதியில், பதினான்கு என்ற எண்ணோடு, தங்கையின் முறையைப் பற்றிய வரி ஒன்று இருந்தது. அதில் மட்டும் கை வைக்க மனசு வரவில்லை. கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தாள்.

"இன்னும் கையாலதான் நம்பர் போடுறியா?" முதுகுக்குப் பின்னாலிருந்து சின்னவளின் குரல். கையில் இரண்டு காபி. "அதுக்குன்னு சாப்ட்வேர் இருக்கு. எத்தனை தடவை சொல்றது? கல்வெட்டுலதான் எழுதுவேன்னு அடம்பிடிக்கிறியே."

பெரியவள் பதறிப்போய் 'அனுப்பு' என்பதை அழுத்தினாள்.

அடுத்த வாரம் கட்டுரை வெளிவந்தது. அக்கா எழுதியதை முதலில் படிப்பவள் எப்போதும் சின்னவள்தான்.

"அக்கா, இங்க கொஞ்சம் வாயேன்."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பெரியவள் மேசையின் அந்த முனைக்குப் போனாள். திரையில் அந்த வரி. குளிர்ந்த நீரில் சாயம் ஏற்றும் முறையை முதன்முதலில் உருவாக்கிக் காட்டியது பதினான்காம் மேற்கோளிலுள்ள ஆய்வு.

"பதினாலு யாரு?"

பெரியவள் பார்த்தாள். முன்பு பதினைந்தாக இருந்தது. அவளே எழுதிய பழைய கட்டுரை.

"நம்பர் மாறிப்போச்சுடி. கையால போட்டேன்ல..."

"சரி. அப்ப நான் எத்தனாவது?" சின்னவள் பட்டியலை மேலிருந்து மெதுவாக உருட்டினாள். கடைசிவரை போய் நிறுத்தினாள். "காணோமே."

உன்னுடையதை நான் எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல வேண்டுமானால், உன்னை அழித்தேன் என்று சொல்லியாக வேண்டும்.

"எடுத்துக்கணும்னு நினைக்கலடி."

"தெரியும். கொடுக்கக் கூடாதுன்னுதான் நினைச்சே." சின்னவள் நாற்காலியைத் திருப்பி அவளை நேராகப் பார்த்தாள். "தினம் காலையில நீ என் பக்கத்தைப் பாக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நானும்தான் உன்னோடதைப் பாக்கிறேன். உனக்கு நாலு குறையுது."

பக்கத்து அறையில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"திருத்தம் போடச் சொல்லி நீ எழுதுறியா, இல்ல நான் எழுதட்டுமா?"

அந்த மேசையில் சின்னவளிடமிருந்து அவள் இதுவரை கேட்காத குரல் அது. தலைவரின் குரல்.

பெரியவளே எழுதினாள். சின்னவள் எழுதினால் அந்தக் கடிதத்தில் திருட்டு என்ற சொல் இருக்கும்; அதற்குப் பிறகு நாற்காலி இருந்தாலும் உட்கார முடியாது. 'ஒரு மேற்கோள் விடுபட்டுவிட்டது' என்று மட்டும் எழுதினாள். யார் விட்டது என்று பத்திரிகைக்காரர்கள் கேட்கவில்லை. திருத்தம் மாசக் கடைசிக்கு முன்பே வந்துவிட்டது.

"சின்னதுக்குப் பன்னெண்டு, பெரிசுக்குப் பதினொண்ணு," என்றாள் அம்மா. "ஒரு மார்க்குதானேடி. அடுத்த தடவை எடுத்துக்கலாம்."

சின்னவள் தலைவரின் அறைக்குப் போய்விட்டாள். நீள மேசை முழுவதும் இப்போது பெரியவளுக்கு.

மறுநாள் காலையும் அவள் தங்கையின் பக்கத்தைத்தான் முதலில் திறந்தாள். அந்தச் சாயக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களின் வரிசையில் பன்னிரண்டாவதாகத் தன் பெயர் நிற்பதைப் பார்த்தாள். அதற்கு மேலே புதிதாக இன்னொன்று வந்திருந்தது.

குளியலறைக்குப் போகாமல், அந்தப் பதின்மூன்றாவது ஆள் யார் என்று பார்க்க உட்கார்ந்தாள்.