மஞ்சள் தடவிய மூளை

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சில்வர் நைட்ரேட் இன்னும் ஒரு தடவைக்குத்தான் காணும். மாதக் கடைசிக்குள் நல்ல ஸ்லைடு ஒன்று சென்னைக்குப் போனால், மூளைச் செல்களை ஆராயும் பேராசிரியர் என்னைச் சேர்த்துக்கொள்வார். இல்லையென்றால் திண்டுக்கல் கல்லூரியில் தவளையை அறுத்துக் காட்டியே எனக்குத் தலை நரைத்துவிடும்.

வெள்ளிக் கரைசலில் ஊறினால் நூற்றில் ஒரு செல்தான் கறுக்கும். அது மட்டும் கிளையும் வேருமாகத் தனியே தெரியும். ஏன் அந்த ஒன்று என்று யாருக்கும் தெரியாது. அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் என் மூளையில், ஆட்டு மூளையைத்தான் சொல்கிறேன், ஒன்றுகூடக் கறுக்கவில்லை.

மூளை வாங்கிய பேகம்பூர் கிதர் முகம்மதுவின் கறிக்கடைக்குப் போனேன். "பாய், அன்னிக்கு முந்தின நாள் அறுத்ததையா குடுத்தீங்க?" என்றதும் அவர் முகம் சுருங்கியது. அவர் மனைவி ஜெய்தூன் பீவி உள்ளேயிருந்து வந்தார்.

"அன்னிக்கு விடியக்காலம் அறுத்ததும்மா வள்ளி. நாந்தான் வெந்நியில முக்கி, தோலை உரிச்சு, மஞ்சப்பொடி போட்டுப் பெரட்டிக் குடுத்தேன். படிச்ச பிள்ளை, கழுவத் தெரியுமோ என்னமோன்னு."

"திங்கிறதுக்கு இல்லக்கா, கழுவாம பச்சையாவே வேணும். உள்ள என்ன இருக்குன்னு பாக்குறதுக்கு."

மறுநாள் காலை கல்லூரி வாசலில் ஜெய்தூன் பீவி தூக்குவாளியும் கையுமாக மூச்சிரைக்க நின்றார்.

"கழுவலை. மனசு கேக்கல, ஆனாலும் தொடலை."

பன்னிரண்டு நாள் கழித்து, சவரக் கத்தியால் சீவிய ஒரு துண்டில் கறுத்த செல் ஒன்று தெரிந்தது. முக்கோண உடம்பு, மேலே நீண்ட ஒரு கை, அதன் நுனிவரை பொடி முட்கள். சந்தோஷத்தில் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தேன். முதலில் ஆளனுப்பி ஜெய்தூன் பீவியைத்தான் கூப்பிட்டேன்.

ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

"இதையா நான் இம்புட்டு வருசமா மொளகு போட்டு வறுத்தேன்," என்றார். பிறகு, "இந்தக் கை போயி யாரைத் தொடுது?"

"தெரியலக்கா. அதைப் பாக்கத்தான் மெட்ராஸ் போறேன்."

தபாலாபீஸ் மூட அரைமணிதான் இருந்தது. ஸ்லைடுக்காகப் பஞ்சு வைத்த பெட்டியைத் திறந்து பிடித்தபடி நின்றேன். அவர் கண்ணை எடுக்கவில்லை.

"செத்த நேரம் இரு," என்றார்.