பெண்கள் பக்கத்து கேசட்

மணப்பெண் முகத்தைத் தூக்கிப் பார்க்கிற இடத்தில் திரை மறுபடியும் கறுத்துப்போனது. பிரிஸ்கில்லா மவுஸை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து இதே கூத்துதான். கேசட்டிலிருந்து இறக்கிவைத்த படம் தனியாக ஓடும்போது சமர்த்தாக ஓடுகிறது. ஒரு காட்சி கரைந்து அடுத்தது வருகிற மாதிரி எஃபெக்ட் ஒன்றைச் சேர்த்தால் போதும், கும்மிருட்டு. பிறகு ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கட்டம் வந்து, டிஸ்ப்ளே டிரைவர், அதாவது திரையில் படம் காட்டுகிற புரோகிராம், பழசாகிவிட்டது, புதுசு போடு என்று அதிகாரம் பண்ணும். அதற்கு ஓகே என்று சொல்வதைத் தவிர வேறு பொத்தானும் கிடையாது. ஓகே என்றால் மொத்தமும் மூடிக்கொண்டு போய்விடும்.

பழைய சாஃப்ட்வேரில் இந்த வம்பெல்லாம் இல்லை. ஆம்பூரில் இப்போது யாரும் விசிடி கேட்பதில்லை, எல்லோருக்கும் டிவிடி வேண்டும் என்று சொல்லி, ஸ்டூடியோ வைத்திருக்கிற ஜியாவுதீன் பாய்தான் புதுசைக் கொண்டுவந்து போடச் சொன்னார். கம்ப்யூட்டரோ அண்ணன் குவைத்துக்குப் போகும்போது விட்டுப்போனது. இரண்டாயிரத்து ஒன்றில் வாங்கினது, இது இரண்டாயிரத்து ஏழு. ஆறு வருஷத்துப் பெட்டிக்குப் புது சாஃப்ட்வேர் சொல்வது புரியவில்லை, அவ்வளவுதான். அதற்காகப் பெட்டியை வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போய் எந்தக் கடையிலும் வைத்துவிட முடியாது. அங்கேதான் சிக்கல்.

ஜியாவுதீன் பாயிடம் வருகிற கண்டிப்பான வீடுகளில் கல்யாண வீடியோ இரண்டு பக்கமாக எடுப்பார்கள். ஆண்கள் பக்கம் பாயின் ஆட்கள், பெண்கள் பக்கம் பிரிஸ்கில்லா. எடுப்பது மட்டும் போதாது. அதை வெட்டி ஒட்டுவதும் ஒரு பெண்ணாகத்தான் இருக்கவேண்டும். முதல் கல்யாணத்தின்போதே அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள்: கம்ப்யூட்டர் ஓடும்போது அதன்மேல் ஓர் ஆம்பளை கண் படாது. அந்த வாக்கை நம்பித்தான் பர்தா இல்லாமல், நகை சரிந்து, வியர்த்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிற இத்தனை பெண்கள் அவள் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிறார்கள். அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் தெரிகிற மனித முகங்களும் அவர்களுடையவைதான்.

யார் அழுவாள், யார் அழுகிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொள்வாள், எந்தச் சின்னம்மா தட்டிலிருந்து பேரீச்சம்பழத்தை முந்தானையில் முடிவாள், எல்லாம் பிரிஸ்கில்லாவுக்கு அத்துப்படி. பஜாரில் என்றால் கதையே வேறு. எதிரே கறுப்பு பர்தாவில் வருகிறவள் யாரென்று இவளுக்குத் தெரியாது. அவர்களுக்கு இவளைத் தெரியும்தான். ஆனால் கேமரா இல்லாத பிரிஸ்கில்லாவை நிறுத்தி வைத்துப் பேச என்ன இருக்கிறது? தோல் பதனிடுகிற ஷாப்புக்குப் போகும் வண்டிகளுக்கு ஒதுங்கி நிற்கிற மாதிரி அவர்களுக்கும் ஒதுங்கி வழிவிட்டு, காய் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

மத்தியானம் ஜியாவுதீன் பாய் போன் பண்ணினார். "சிஸ்டர், வஹீதாம்மா வீட்டு டிவிடி வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். பொண்ணு மறாநாள் ரியாத் போவுது."

"மிஷின் மக்கர் பண்ணுது பாய்."

"ஒத்துவரலன்னா சொல்லிடுங்க, தப்பில்ல. வேலூர்ல ரெண்டு பொண்ணுங்க புதுசா எடிட்டிங் பண்றாங்களாம். கேசட்ட அங்க குடுத்துடலாம். அப்படியே லேடீஸ் பக்கம் மொத்தமும் அவங்களே பாத்துகினா உங்களுக்கும் பேஜார் கம்மி."

கரிசனமாகத்தான் சொன்னார். ஆனால் இந்தக் கேசட் போனால் அடுத்ததும் வராது. அதற்கடுத்து இந்த வீட்டுக்குள் யார் வந்து சிரிக்கப்போகிறார்கள்? "வெள்ளிக்கிழமை குடுத்துடுறேன் பாய்" என்று சொல்லி போனை வைத்தாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

வேலூர்க் கடையில் கெஞ்சிக் கூத்தாடி, வீட்டுக்கே ஆள் அனுப்பச் சொன்னாள். மறுநாள் காலையில் வந்தவர் கன்னியப்பன், ஒடுகத்தூர்க்காரர், அவள் வயதுதான் இருக்கும். கையில் ஒரு பையும் டிரைவர் பதிந்த சிடியும். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கம்ப்யூட்டரை நோக்கிப் போனவரைக் கிட்டத்தட்டக் குறுக்கே விழுந்து மறித்தாள்.

"சார், அந்த சேர்ல உக்காருங்க. செவுத்தப் பாத்து."

"இன்னா மேடம்?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். கன்னியப்பன் காதைச் சொறிந்துகொண்டார். பத்து வருஷ சர்வீஸில் முதுகைக் காட்டிக்கொண்டு யாரும் அவரை ரிப்பேர் பார்க்கச் சொன்னதில்லை. திரையில் அப்போது வெறும் நீலம்தான் இருந்தது, அதைப் பார்ப்பதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனாலும் பிரிஸ்கில்லாவுக்கு வாக்கு என்றால் வாக்கு, அதில் நீலத்துக்கென்று தனிச் சலுகை கிடையாது. அவர் பெருமூச்சு விட்டுவிட்டு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, மை கம்ப்யூட்டர் மேல ரைட் கிளிக் பண்ணுங்க. இன்னா வருது, படிங்க."

அவள் படித்தாள். அவர் சுவரிடம் சொன்னார், அவள் அழுத்தினாள். மஞ்சள் கேள்விக்குறி இருக்கிறதா என்றார், இருக்கிறது என்றாள். இடைவேளைகளில் அவர் எதிரே தொங்கிய சர்ச் காலண்டரில் இந்த வருஷ லீவுகளையெல்லாம் பார்த்து முடித்துவிட்டார். கடைசியில் சிடியைப் போட்டபோது, இந்த டிரைவருக்கு ஏற்ற டிஸ்ப்ளே கார்டு இந்த மிஷினில் இல்லை என்று வந்தது.

"நீங்க படிச்சுச் சொன்ன பில்லுல இருக்கிற கார்டுக்குத்தானே எடுத்தாந்தேன்? ஆஃப் பண்ணுங்க, தொறந்து பாத்துடலாம்."

கம்ப்யூட்டரை அணைத்து, போதாதற்கு மானிட்டர் மேல் ஒரு போர்வையையும் போட்ட பிறகுதான் திரும்ப விட்டாள். பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தவர் சிரித்தார். அண்ணன் இருந்த காலத்தில் எப்போதோ ரிப்பேருக்குப் போனபோது எவனோ கார்டையே மாற்றி வேறொன்றைச் செருகியிருக்கிறான். இதற்கான டிரைவரை நெட்டில்தான் இறக்கவேண்டும், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர் இருக்கிறதே, போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார்.

அவர் போனதும் வீடு பழையபடி ஆனது. பையை எடுத்துக்கொண்டுதான் போயிருந்தார். திரும்பி வரமாட்டார், கிறுக்குப் பொம்பளை என்று நினைத்துக்கொண்டு வேலூர் பஸ் ஏறியிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு பேருக்கு டீ போட்டாள். சமையலறையில் இரண்டாவது டம்ளரைத் தேடிக் கழுவவேண்டியிருந்தது. ஷூ கம்பெனியில் சாப்பாட்டுச் சங்கு ஊதி அடங்கியது. டீ ஆறியது. வாசலுக்கு மூன்று தடவை போய்வந்தாள். வேலைக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும், ஒரு மனுஷன் திரும்பி வருவாரா என்று காத்திருப்பதே அவளுக்கு மறந்துபோன வேலையாக இருந்தது.

வந்துவிட்டார். "நெட்டு ரொம்ப ஸ்லோ மேடம்" என்று சொல்லிக்கொண்டே, யாரும் சொல்லாமல் தானே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். புது டிரைவர் ஏறியது. கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. "இப்ப எங்க நின்னுச்சோ அந்த எடத்த ஓட்டிப் பாருங்க. சவுண்டையும் வைங்க, அதுவும் ஒழுங்கா வருதான்னு நான் கேட்டுக்குறேன்."

அவள் எடிட்டிங்கின்போது சத்தம் வைக்கிற வழக்கமில்லை. முதல் வேலையாகச் சத்தத்தை அடியில் இழுத்துவிட்டுப் பாட்டைப் போர்த்திவிடுவாள். அவர் சொன்னாரே என்று இன்றைக்கு வைத்தாள். மணப்பெண் முகத்தைத் தூக்கினாள். அந்த முகம் கரைந்து அவள் அம்மா வஹீதாவின் முகம் வந்தது. இருட்டவில்லை. வளையலும் தட்டும் சிரிப்புமாகச் சத்தம் அறையை நிறைத்தது. அதற்கு நடுவே ஒரு குரல்: "வஹீதாம்மா, அழுவுறதுன்னா இப்பவே அழுதுடுங்க, அப்புறம் கேசட்டு தீந்துடும்!" பெண்கள் ஓவென்று சிரித்தார்கள். "பொண்ணுக்கே ஊட்டினு இருந்தா எப்படி? சம்பந்திக்கும் ஒரு லட்டு வைங்க, வாயி சும்மாவே இருக்குது பாருங்க!"

சுவரைப் பார்த்தபடி கன்னியப்பன் குலுங்கிச் சிரித்தார். "யாரு மேடம் அந்தம்மா? இன்னா வாயி அது!"

"எந்தம்மா?"

"நடுவுல கிண்டல் பண்ணினே இருக்காங்களே, அவங்க."

பிரிஸ்கில்லா படத்தை நிறுத்தினாள். "நான்தான்."

திரும்பப் போனவர், சட்டென்று ஞாபகம் வந்து கழுத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். "நீங்களா? காலைலேருந்து நாலு வார்த்த பேசியிருப்பீங்களா? இது யாரோ வேற ஆளு மாதிரி கீது மேடம்."

"கேமரா கையில இருந்தா வந்துடும்" என்றாள்.

ஆறின டீயைச் சுடவைத்துக் கொடுத்தாள். மானிட்டரை அணைத்து, "திரும்பலாம் சார்" என்றாள். வீட்டில் காத்திருப்பார்கள், பஸ் போய்விடும் என்று நின்றவாக்கிலேயே குடித்தார். இன்னும் கொஞ்சம் உட்காருங்கள் என்று சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது. எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? காசு கொடுத்தாள். செருப்புச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

மறுபடி வந்து உட்கார்ந்தாள். இனி பயமில்லை. வெள்ளிக்கிழமை என்ன, நாளைக்கே கொடுத்துவிடலாம். கேசட் வேலூருக்குப் போகாது. சந்தோஷப்படவேண்டும்தான். கேமராக்காரி பேசுவது படத்தில் வரக்கூடாது என்பது ஸ்டூடியோ சட்டம். கேமரா ஆடிக் குலுங்குகிற காட்சியை வைக்கக்கூடாது என்பது இன்னொரு சட்டம். இத்தனை வருஷமாக இரண்டையும் ஒழுங்காக வெட்டி எறிந்திருக்கிறாள். இன்றைக்குச் சத்தத்தை இறக்காமல் ஓடவிட்டாள்.

சாப்பாட்டுக் காட்சி வந்தது. திரையில் வஹீதா தட்டிலிருந்து நிமிர்ந்து நேராக இவளைப் பார்த்தாள். "ஏம்மா, காலைலேருந்து நின்னுனே கீறியே, சாப்ட்டியா நீ?"

"நான் அப்புறம் சாப்புடுறேன், நீங்க இப்படிப் பாருங்க" என்றது அந்த இன்னொரு பிரிஸ்கில்லாவின் குரல்.

"என்னா அப்புறம்? வாயத் தொற."

இது நடந்தது அவளுக்கு நினைவே இல்லை. அன்றைக்கு கேசட் தீரப்போகிறதே, லைட் போதவில்லையே என்கிற கவலையில் எதையோ மென்று விழுங்கியிருப்பாள். ஊட்டும்போது கேமரா ஆடின காட்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் குறி வைத்தாள். வழக்கப்படி சத்தத்தை அடியில் இழுத்தாள். டெலிட் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை ஓட்டினாள். வஹீதாவின் உதடு மட்டும் அசைந்தது. பிரியாணி உருட்டிய கை லென்ஸை நோக்கி நீண்டது, பெரிதாகி, மங்கி, படத்தின் மேல் விளிம்பைத் தாண்டிப் போனது. படம் குலுங்கியது. அந்தக் கைக்குப் பின்னால் விரிப்பில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் லென்ஸுக்குச் சற்று மேலே ஒரே இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.