வெள்ளைக் களிமண்

ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ தங்க வயலுக்கு அப்பால், இரண்டு மேடு தாண்டிய ஓடைக்கரையில் ஹெஸ்டரும் அவள் புருஷன் சைலஸும் மட்டும் கூடாரம் போட்டிருந்தார்கள். ஆயிரம் பேர் கிளறிப் போட்ட இடத்தில் இனி ஒன்றும் தேறாது என்று புது இடம் தேடி வந்தவர்கள். வாரக்கணக்கில் வெறும் மணலைத்தான் அலசினார்கள். பிறகு குழியின் அடியில் வெள்ளைக் களிமண் தட்டுப்பட்டது. அதை அலசிய தட்டில் கோதுமை மணி அளவுக்குத் தங்கம் கிடந்தது.

அன்று முதல் சைலஸ் மாவு வாங்கப் போகுமுன் பூட்ஸைத் தேய்த்துக் கழுவினான். பூட்ஸில் அந்த வெள்ளை மண்ணைக் கண்டால் போதும், தங்கம் கிடைத்திருக்கிறது என்று மோப்பம் பிடித்துக்கொண்டு ஊரே பின்னால் வந்துவிடும்.

ஒரு மதியம், ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த நிறைமாத ஹெஸ்டர் இடுப்பு வலியில் அப்படியே மண்டியிட்டாள். முதல் குழந்தையைக் கப்பலில் பெற்றுக் கடலுக்கே கொடுத்தவள் அவள். குழியிலிருந்து ஓடி வந்த சைலஸ் குதிரையைப் பிடித்தான்.

“பூட்ஸைக் கழுவிட்டுப் போ,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

“நேரமில்ல.”

“நாம பட்ட பாடெல்லாம் போயிடும், சைலஸ்.”

“போனா போகட்டும். நீ இருந்தாப் போதும் எனக்கு.”

வெயில் சாயும் நேரத்தில் பிரசவம் பார்க்கும் பிரிஜிட்டோடு திரும்பினான். பின்னாலேயே வண்டிச் சத்தம்.

“உன் வீட்டுக்காரன் ஊரையே கூட்டிட்டு வந்திருக்கான்,” என்றாள் பிரிஜிட், சட்டைக் கையை மடித்துக்கொண்டே. “அது கெடக்கட்டும். என்னைப் பாரு கண்ணு.”

வெளியே ஆளாளுக்கு இடம் பிடித்து முளையடிக்கும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. பெண் குழந்தை வீறிட்டு அழுததும் அந்த ஓசை சட்டென்று நின்றது. யாரோ தொப்பியை வீசிச் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கூடாரத்துக்கு வெளியே ஒரு கரகரத்த குரல். “உங்க குழில என் மண்வெட்டிய நட்டு வச்சிருக்கேன். எவனும் இறங்க மாட்டான். நீ பொறுமையா வா தம்பி.”

சைலஸ் நன்றி சொன்னான். போய்ப் பார்க்கவில்லை. குழந்தை அவன் சுண்டுவிரலை இறுகப் பிடித்திருந்தது.

அந்தக் குழி அவர்களுக்கு ஒரு சின்னப் பண்ணை வாங்கும் அளவுக்குக் கொடுத்தது. வந்தவர்களில் பலர் அதைவிட அள்ளிப் போனார்கள். அதைச் சொல்லி யாராவது உச்சுக் கொட்டினால், ஹெஸ்டர் மகளுக்குத் தலை பின்னியபடியே பேச்சை மாற்றிவிடுவாள்.